ஏழாவது வாரத் தழும்பு

டொக்டர் அம்மாவுக்கு வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 39. இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். தொங்கிப்போன வயிற்றைச் சரிசெய்ய, டிசம்பர் ஆரம்பத்தில் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். இன்றோடு ஏழு வாரம். நாலாவது வாரத்தில் மெல்லிய கோடாக இருந்த தழும்பு இப்போது சிவந்து, தடித்து, ராத்திரியில் அரிக்கிறது. வலது ஓரத்தில் ஒரு முடிச்சு துருத்திக்கொண்டு நிற்கிறது. தொப்புளுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. சின்ன வயதில் காது குத்திய இடத்தில் ஒரு கட்டி வந்து, ஒரு வருஷத்தில் தானாக வற்றியது. அதனால் இதுவும் கீலோய்டாக, அடங்காமல் வளரும் தழும்புக் கட்டியாக, மாறுமோ என்று பயமாக இருக்கிறது. மாமி மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசச் சொல்கிறார், முட்டை, கருவாடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். கூடப் படிப்பிக்கும் தோழி விட்டமின் ஈ மாத்திரையை உடைத்துப் பூசச் சொல்கிறார். பாடசாலையில் ஹேர்னியா ஒபரேஷன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். மே மாதம் தம்பிக்குக் கல்யாணம், அதற்குள் இது மறையுமா? குளிர் தாங்காமல் ராத்திரியில் சுடுதண்ணிப் போத்தலை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.
- ஒரு ஆசிரியை, ஹட்டன்

டீச்சர், நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்தப் போத்தலை இன்று இரவிலிருந்து வயிற்றில் வைக்க வேண்டாம்.

கிள்ளினாலும் தெரியவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் சுட்டாலும் தெரியாது. இந்தச் சத்திரசிகிச்சையில் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலா எலும்பு வரைக்கும் தூக்கி, கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டிவிட்டுத் தைக்கிறார்கள். இன்று உங்கள் தழும்புக்கு மேலே இருக்கும் தோல், போன வருஷம் தொப்புளுக்கு மேலே இருந்த தோல். அதற்குப் போய்க்கொண்டிருந்த சின்னச் சின்ன நரம்புகள் அந்தத் தூக்கலில் அறுந்திருக்கும். ஓரங்களிலிருந்து உணர்ச்சி மெல்லத் திரும்பும். பல மாதம் எடுக்கும், ஒரு வருஷம்கூட ஆகலாம். நடுவில், தழும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அளவு இடம் சிலருக்குக் கடைசிவரை மரத்தே இருந்துவிடுவதும் உண்டு. திரும்பும்போது ஊசி குத்துவது போலவும் கரண்ட் அடிப்பது போலவும் சுருக் சுருக்கென்று இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

எங்கள் கிளினிக்குக்கு ஒரு தை மாதம் ஒரு அம்மா வந்தார். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து இரண்டரை மாதம், தழும்பும் அழகாக ஆறியிருந்தது. நுவரெலியா குளிர், உறைபனி விழுகிற ராத்திரி. உங்களைப் போலவே போத்தலை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நோவே இல்லை. விடிந்து எழும்பும்போது உள்பாவாடை வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது, இழுத்தால் கொப்புளத்தின் தோலும் சேர்ந்து வந்தது. ஆறு வாரம் மருந்து கட்டினோம். இப்போது அவருக்குக் கீழே ஒரு கோடும் மேலே ஒரு கறுத்த வட்டமும் இருக்கிறது. அந்த வட்டத்தை எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரும் போடவில்லை.

போத்தல் வேண்டுமென்றால் துவாயில் சுற்றிக் காலடியில் வையுங்கள். விறகடுப்பு, ஹீட்டர் பக்கத்தில் வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்காருவதும் வேண்டாம். குளிக்கும் தண்ணியின் சூட்டை வயிற்றில் ஊற்றிப் பார்க்காதீர்கள், முழங்கையில் பாருங்கள்.

சரி, இனித் தழும்புக்கு வருவோம்.

நாலாவது வாரத்தில் நன்றாக இருந்தது, ஏழாவது வாரத்தில் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். கெட்டுப்போகவில்லை. கிட்டத்தட்ட எல்லாத் தழும்பும் ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரைக்கும்தான் பார்க்க மிக மோசமாக இருக்கும். நம் பக்கத்தில் மண்சரிவு வந்தால் ரோட்டை எப்படித் திருத்துகிறார்கள்? முதலில் கல்லையும் மண்ணையும் கொட்டி நிரப்பி பஸ்ஸைப் போகவிடுவார்கள். மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். பிறகு ஆறுதலாக வந்து கிளறி, தட்டி, தார் போடுவார்கள். உடம்பும் அதைத்தான் செய்கிறது. அவசரத்துக்குக் கொலாஜன் நாரைக் கண்டபடி கொண்டுவந்து குவித்து வாயை மூடிவிடுகிறது. இரத்தக் குழாய்களும் அங்கே கூட்டமாக வருகின்றன, சிவப்பு அதனால்தான். குவித்ததைப் பிரித்து ஒழுங்குபடுத்த அதற்கு ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம் வேண்டும். நீங்கள் இப்போது கல்லும் மண்ணும் கொட்டிய ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பலமும் அப்படித்தான். மூன்று மாதத்தில் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதத்தை நெருங்கும், அதற்கு மேல் பெரிதாகப் போகாது. நூறு எப்போதும் வராது. ஏழாவது வாரத்தில் அந்த எண்பதும் இன்னும் வந்திருக்காது, அதனால் இழுத்தால் அகலும்.

இந்த 'இழுத்தால்' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் கவனிக்கச் சொல்கிறேன். தழும்பு பெருப்பதற்கும் அகலுவதற்கும் முக்கியமான காரணம் இழுவை. வயிற்றுத் தோலை இறுக்கித் தைத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக அதை இழுத்துக்கொண்டேயிருக்கின்றன. அந்த இழுவையைக் குறைப்பவைதான் உதவும். பூசுகிற சாமான்களில் பாதிக்கு மேல் மனத்திருப்திக்கு மட்டும்தான்.

விட்டமின் ஈ அந்த வகைதான். 1999இல் அமெரிக்காவில் தோல் புற்றுநோய் அகற்றிய 15 பேரிடம் பாதித் தழும்பில் விட்டமின் ஈ கலந்த களிம்பும் மறுபாதியில் வெறும் களிம்பும் பூசிப் பார்த்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே இல்லை, சிலருக்கு விட்டமின் ஈ பூசிய பாதிதான் மோசமாக இருந்தது. மூன்றில் ஒருவருக்கு அது பட்ட தோல் ஒவ்வாமையில் சிவந்து அரித்தது. ஏற்கனவே அரிக்கிறது என்கிறீர்கள், அதில் போய் இதையும் பூச வேண்டுமா? தோழியிடம் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உண்மையில் உதவுவது உங்கள் ஊர்ப் பார்மசியிலேயே இருக்கிறது. மைக்ரோபோர் என்று கேட்டால் தருவார்கள், மருந்து கட்டும்போது ஒட்டுகிற காகித டேப். 2005இல் வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், சிசேரியன் செய்த 70 பெண்களில் ஒரு சாராருக்கு 12 வாரம் இந்தக் காகித டேப்பை ஒட்டச் சொன்னார்கள், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஒட்டாதவர்களின் தழும்பு தெளிவாகப் பருத்திருந்தது. தோல் இழுபடும்போது அந்த இழுவையை டேப் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் மாயம். கொழும்புக் கடைகளில் கண்ணாடிப் போத்தலில் விற்கும் கிரீம்களைவிட எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

ஒட்டும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிழையாக ஒட்டித் தோலை உரித்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. குளித்துவிட்டு ஈரத்தை ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். நன்றாகக் காயட்டும். நம் மழைக்காலத்தில் அது காயவே பத்து நிமிடம் எடுக்கும். கட்டிலில் படுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து மடக்கினால் வயிறு தளரும். தழும்பு இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை வளைந்து போகிறது, ஒரே நீளமாக ஒட்டினால் வளைவில் சுருங்கும். விரல் நீளத்துக்கு வெட்டிய துண்டுகளைத் தழும்பின் மேலேயே, அது போகும் திசையில், ஒன்றின் நுனியில் மற்றொன்று ஏறும்படி ஒட்டிக்கொண்டே போங்கள். டேப்பை இழுத்து ஒட்டக் கூடாது. வைத்து, மேலே தடவிவிட்டால் போதும். இழுத்து ஒட்டினால் நுனியில் கொப்புளம் வரும். அப்படியே நாலைந்து நாள் விட்டுவிடுங்கள், அதோடேயே குளிக்கலாம். ஓரம் கிளம்பினால் அதை மட்டும் வெட்டிவிடுங்கள். மாற்றும்போது கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப்பைத் தோலோடு படிய மடித்தபடி மெதுவாக எடுங்கள். தோல் சிவந்து கொப்புளித்தால் டேப் உங்களுக்கு ஒத்துவரவில்லை, நிறுத்திவிடுங்கள்.

அப்படியானவர்களுக்கும், கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்களுக்கும் சிலிக்கோன். ஜெல்லாகவும் வருகிறது, பிளாஸ்டர் மாதிரி தகடாகவும் வருகிறது. காயம் முழுதாக மூடிய பிறகுதான் போடலாம். உங்களுக்கு மூடிவிட்டது. தகடென்றால் நாளில் 12 மணித்தியாலத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது போட வேண்டும். இரண்டு நாள் போட்டுவிட்டு மூன்று நாள் மறந்தால் காசுதான் வீண். தினமும் சவர்க்காரத்தில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். கொழும்பு வெயிலில் தகடு வியர்வையில் வழுக்கிப்போகும். நம் குளிருக்கு அது நன்றாகவே நிற்கும். நம் காலநிலை இந்த ஒரு விஷயத்திலாவது உதவட்டும்.

தேய்த்து விடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆறின தழும்பை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து நிமிடம், விரல் நுனியால் அழுத்தி மெல்ல வட்டமாகத் தேய்க்கலாம். அழுத்தும்போது சிவப்பு வெளிறினால் அளவு சரி. டேப்புக்கு மேலாகவே செய்யலாம். உள்ளே ஒட்டிப் பிடித்த மாதிரி இருக்கும் இடங்கள் இளகும், அரிப்பும் அடங்கும். கோடு மெலியும் என்று சொல்வதற்கு ஆதாரம் கொஞ்சம்தான்.

அரிப்பு ராத்திரியில் கூடுவது வழக்கம். சொறிய வேண்டாம், ஈரத் துணியால் ஒற்றுங்கள். வாசனை சேராத ஏதாவது மொயிஸ்சரைசர் போதும்; ஆனால் அதையும் டேப்பையும் ஒரே இடத்தில் போட்டால் டேப் பிடிக்காது. பனிக்காலக் காற்று தோலை உலர்த்துவதும் ஒரு காரணம். கம்பளி ஸ்வெட்டரோ கம்பளியோ நேரே படாமல் உள்ளே ஒரு பருத்தி உடுப்புப் போடுங்கள். தூக்கமே கெடுகிறதென்றால் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மாத்திரையை உங்கள் டொக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

வலது ஓரத்து முடிச்சுக்கு எங்கள் பேச்சில் 'டொக் இயர்' என்று பெயர், நாய்க்காது. நீளமான துணியின் ஓரத்தையும் குட்டையான துணியின் ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் மூலையில் கொஞ்சம் கொசுவி நிற்குமே, அதுதான். சாரிக்கு ஃபோல்ஸ் தைக்கிறவர்களுக்கு இது புரியும். வீக்கம் இறங்க இறங்க அதுவும் பெரும்பாலும் படியும். ஒரு வருஷம் கழித்தும் நின்றால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து சின்னதாக வெட்டிச் சரிசெய்யலாம். இப்போதே போய் வெட்டச் சொல்லாதீர்கள், எந்த நல்ல சேர்ஜனும் இப்போது தொட மாட்டார்.

அதே கோட்டில் எங்காவது சின்னப் பரு மாதிரி கிளம்பி, நடுவில் வெள்ளை நூல் முனை தெரிந்தால் பதறாதீர்கள். உள்ளே போட்ட கரையும் தையல், கரைவதற்கு முன்னால் வெளியே எட்டிப்பார்க்கிறது. இழுக்கக் கூடாது. பக்கத்து வைத்தியசாலையில் மருந்து கட்டுகிற அறைக்குப் போனால் நுனியைக் கத்தரித்துவிடுவார்கள்.

கீலோய்ட் பயத்துக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. காதில் வந்த கட்டி ஒரு வருஷத்தில் தானாக வற்றியது என்கிறீர்கள். கீலோய்ட் அப்படி வற்றுவதில்லை. புண் இருந்த எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் பரவும், வருஷக்கணக்கில் நிற்கும். அது அநேகமாக தோடு பட்டு வந்த புண்ணாக இருந்திருக்கும். இப்போதைய தழும்பும் கோட்டுக்குள்ளேயே தடித்திருக்கிறதென்றால் இதற்கு வேறு பெயர், தடிப்புத் தழும்பு. இது நாளடைவில் இறங்கும். நம் நிறத்துத் தோலுக்குக் கீலோய்ட் கூடுதலாக வரும் என்பது உண்மைதான், ஆனால் அது விரும்பும் இடங்கள் நெஞ்சு, தோள், காது. இன்னும் இரண்டு மாதத்தில் இறங்காமல் கூடிக்கொண்டே போனாலோ, கோட்டை விட்டு வெளியே நண்டுக்கால் மாதிரி நீண்டாலோ, தோல் கிளினிக்கில் காட்டுங்கள். தழும்புக்குள்ளேயே ஸ்டீரோய்ட் ஊசியை நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை போடுவார்கள். நோகும், ஆனால் வேலை செய்யும். கீலோய்டை வெறுமனே வெட்டி எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். வெட்டினால் மட்டும் போதாது, திரும்ப வரும், சில வேளை முந்தியதைவிடப் பெரிதாக.

டவுனில் பெயர் தெரியாத டப்பாவில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீமைத் தழும்பில் பூசுவதும் கூடாது. பாதரசமோ கடுமையான ஸ்டீரோய்டோ கலந்தவை அவற்றில் உண்டு, லேபலில் இருக்காது.

மாமியோடு சண்டை வேண்டாம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் ஆறின தோலில் பெரிய தீங்கு செய்யாது, அரிப்பைக் கூட்டலாம், சாரியை மஞ்சளாக்கும். ஆனால் பத்தியத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தழும்பைக் கட்டுவதற்கு உடம்புக்குப் புரதம் வேண்டும். முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்பது நம் லயத்து வீடுகளில் நானும் கேட்டு வளர்ந்த கதைதான். என் அம்மாவுக்குச் சிசேரியன் முடிந்து நாற்பது நாள் ரசமும் சோறுமாகப் போட்டார்கள், புண் ஆறத்தான் நாளானது. முட்டை, பருப்பு, நெத்தலி, கருவாடு எல்லாம் சாப்பிடுங்கள், கொய்யாவோ நெல்லியோ கிடைத்தால் அதுவும். வீட்டில் யாராவது வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களாக இருந்து உங்களுக்கும் ஒரு துண்டு நீட்டினால் அதை மட்டும் மறுத்துவிடுங்கள். நிகொட்டின் தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும்.

பாடசாலைக்குச் சாரிதான் கட்ட வேண்டும், தெரியும். பாவாடை நாடா உங்கள் நீளத் தழும்பில் படாது, அது கீழே இருக்கிறது. படுவது தொப்புளைச் சுற்றிய தழும்பில். அதற்கு மேலே கொசுவக் கட்டையும் செருகி ஆறு மணித்தியாலம் கரும்பலகைக்கு முன்னால் நின்றால் அந்த வட்டம் உரசி உரசித் தடிக்கும். நாடாவை எடுத்துவிட்டு அகலமான இலாஸ்டிக் தைத்த பாவாடை ஒன்று செய்துகொள்ளுங்கள், கொசுவத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிச் செருகுங்கள். பின்னேரம் தழும்புக்கு மேலே வீங்கி, காலையில் இறங்குவது இன்னும் சில மாதம் இருக்கும். வயிற்றுப் பெல்ட்டைக் கழற்றலாமா என்பதை உங்கள் சேர்ஜனிடம் கேளுங்கள், பொதுவாக ஆறு வாரத்தோடு விடச் சொல்வார்கள்.

பாரம் தூக்குவது வேறு விஷயம். உள்ளே தசையையும் சேர்த்துத் தைத்தார்களா என்று கேட்டு வையுங்கள். இரண்டு பிள்ளை பெற்ற வயிற்றுக்குப் பெரும்பாலும் தைப்பார்கள். அப்படியென்றால் கேஸ் சிலிண்டர் பக்கமே போகாதீர்கள். உள்ளே 12.5 கிலோ கேஸ் என்றாலும் இரும்போடு சேர்த்து அதுபோல் இரண்டு மடங்கு. பீலியிலிருந்து தண்ணி தூக்குவதென்றால் பெரிய வாளி வேண்டாம், பாதி வாளியாக இரண்டு நடை போங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

ஹேர்னியா என்று பாடசாலையில் சொன்னது உங்கள் சொந்த விஷயம், அதில் நான் தலையிடவில்லை. அழகுக்கு வெட்டிக்கொண்டாள் என்று பேசுகிற வாய்களை எனக்கும் தெரியும். ஆனால் டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ கண்டியிலோ வைத்தியசாலைக்குப் போனால் அங்கே அந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள். ஹேர்னியா என்று நினைத்துக்கொண்டு உங்கள் வயிற்றைப் பார்க்கும் டொக்டர் தப்பான இடத்தில் தேடுவார். கொழும்பில் தந்த டிஸ்சார்ஜ் கார்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், வாயால் சொல்ல வெட்கமென்றால் அதுவே சொல்லும்.

எப்போது போக வேண்டும்? காய்ச்சல், தழும்பைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, நாற்றத்தோடு நீர் வடிவது, தோல் கறுப்பது, புரண்டு படுக்கும்போது வயிற்றுக்குள் தண்ணிப் பை அலைவது போல இருப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே. ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் நொந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு நொந்தாலோ பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் காத்திருக்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

தம்பி கல்யாணத்துக்குள் மறையாது. மே மாதம் என்றால் ஐந்து மாதம் முடிந்திருக்கும், தடிப்பு இறங்கத் தொடங்கியிருக்கும், சிவப்பு மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். சாரிக்குள் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் நின்று ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது. அன்றைக்கு ஆரத்தித் தட்டைத் தாராளமாகத் தூக்குங்கள். பிரியாணிச் சட்டியைத் தம்பியின் கூட்டாளிகள் தூக்கட்டும்.